ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

சந்தேகப்படுவதில் பேட்ஜ் அக்காவை அடித்துக்கொள்ள இந்தப் பூமியில் ஆள் கிடையாது. காலையில் கண்ணாடியைப் பார்த்தால், உள்ளே தெரிகிறவளிடம் நீ யார், எப்போது வந்தாய், யார் கதவைத் திறந்துவிட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் தலை சீவுவாள். கடைக்காரர் எடை சரியாகப் போட்டுக் கொடுத்தால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். சரி, கண்ணாடி விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. எடை விஷயமும் பாதிதான் நடந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை, இன்னொரு கடைக்கு எடுத்துப்போய் மறுபடி நிறுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். மற்றபடி இனி வருவதெல்லாம் நடந்தது நடந்தபடி.

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பள்ளிக்கூடச் சட்டைப் பையானாலும், காவலாளியின் தோள்பட்டையானாலும், நர்ஸ் மேலங்கியானாலும், துணியில் ஒரு சின்னம் ஏற வேண்டுமென்றால் அவளிடம்தான் வர வேண்டும். வீட்டின் முன்னறைதான் தொழிற்கூடம். இரண்டு எம்பிராய்டரி மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டு அடுக்கு, ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். மெஷின் ஓடும்போது முன்னறையில் பேசுவது பின்னறைக்குக் கேட்காது. அதனால்தான் அந்த வீட்டில் சண்டையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது.

சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டால் மெஷின் தானாகத் தைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு குத்தையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். தொழிலில் இதைப் பஞ்சிங் என்பார்கள். ஒரே பறவையை இரண்டு பேர் பஞ்சிங் செய்தால் ஒன்று பறக்கும், இன்னொன்று தூக்குப் போட்டுக்கொண்ட மாதிரி தொங்கும். அக்காவின் பறவைகள் பறந்தன. இறக்கையில் நூலை மூன்று சாய்வில் படுக்க வைப்பாள். எந்த ஊர்த் துணியில் பார்த்தாலும் இது தன் கை என்று அவளால் சொல்ல முடியும்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் டிசைன் அறையில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். இனிக்க இனிக்கப் பேசுவார். அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பூக்கொடி ஒன்றைத் தன் பேரில் கண்காட்சிக்கு அனுப்பி, பரிசு வாங்கி, அந்தப் பரிசைக் கொண்டுவந்து அவளிடமே காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு வேலையை விட்டாள். அன்றிலிருந்து ஒரு டிசைனும், தைத்து முடிவதற்கு முன்னால், வேறொருவர் கண்ணில் பட்டதில்லை. கட்டிய புருஷன் உள்பட. அவர் முன்னறைக்குள் வந்தால் திரையை அணைத்துவிட்டு என்ன வேண்டும் என்பாள்.

கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வந்த இணைய வயரையும் அவளே ஒருநாள் பிடுங்கிச் சுருட்டி, அது வந்த சுவர் ஓட்டையில் பழந்துணி அடைத்துவிட்டாள். திருடன் வயர் வழியாகவும் வருவான் என்று யாரோ சொன்னார்களாம்.

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, தான் எதற்கும் ஏறாமல் இறங்காமல் இருக்கப் பழகிக்கொண்ட மனிதர். அவருக்கு ஒரு தம்பி. தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை; முப்பதைத் தாண்டி, முன்மண்டை மினுங்க ஆரம்பித்த ஆள். வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் நிர்வாகம் படித்து வேறு வேலைக்குப் போகிறேன் என்று அண்ணன் வீட்டில் வந்து தங்கினான். படிப்பு முடிகிற நேரம் பார்த்து அவனுடைய மடிக்கணினி உயிரை விட்டது. கடைசிச் செய்முறை வேலை ஒன்றைச் செய்து கொடுத்தால்தான் சான்றிதழ்.

கொழுந்தன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். அண்ணியின் கம்ப்யூட்டரைச் சாயங்காலம் மட்டும் தர முடியுமா, அவள் வேலை எதையும் தொடமாட்டேன், அவன் படிப்புக்கு வேண்டியது லினக்ஸ், விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொன்று, அது தனியாக ஓர் இடத்தில் இருக்கும், அவளுடைய விண்டோஸ் அது பாட்டுக்கு இருக்கும். பெட்டி ஒன்று, உள்ளே குடித்தனம் இரண்டு.

"விண்டோஸ்லயே உன் வேலையைச் செஞ்சா என்ன?" என்றாள்.

முடியாது என்றான். அப்படியானால் அவளும் லினக்ஸுக்கே மாறிவிட்டால் என்ன என்று இடையில் லிப்ட் மெக்கானிக் வாயைக் கொடுத்தார். எம்பிராய்டரி மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான், அதிலும் இந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று இரண்டு பேருமே ஒரே நேரத்தில் அவருக்குப் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அக்கா ஒரு வாரம் யோசித்தாள். யோசித்தாள் என்றால், அந்த வாரம் முழுக்க அவன் போகும்போதும் வரும்போதும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் எதுவும் தெரியாததால் சம்மதித்தாள். ஆனால் அவன் செய்வதையெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன் என்றாள்.

அப்படியே பார்த்தாள். முதலில் டிசைன்களுக்கு நகல் எடுக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க் வட்டைப் பிரிக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்று அவன் தன் பென் டிரைவை நீட்டினான். அவள் அதைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தன்னுடையதையே கொண்டுவந்து, அவனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, தானே நகல் எடுத்து, எங்கேயோ கொண்டுபோய் ஒளித்துவிட்டு வந்தாள். (அந்தப் பென் டிரைவ் இன்றுவரை கிடைக்கவில்லை. அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறாள்.)

பிறகு அவன் வட்டின் படத்தைத் திரையில் காட்டினான். நீளமாக ஒரு பட்டை. இது முழுக்க இப்போது விண்டோஸ், இதில் காலியாகக் கிடக்கிற கடைசிப் பகுதியைச் சுருக்கி வெட்டி லினக்ஸுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றான். அவள் திரைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய், வெட்டுகிற கோடு எங்கே விழுகிறது, தன் டிசைன் எதுவும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்டாள். மாட்டாது என்றான். எப்படித் தெரியும் என்றாள். விளக்கினான். எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லாததுதான் பாக்கி. சொத்து பிரிக்கும்போது அண்ணன் தம்பிகள்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள்.

லினக்ஸ் ஏறி முடிந்தது. பெட்டியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டது. அக்கா தன் வீடுதான் மேலே இருக்க வேண்டும், ஒன்றும் அமுக்காவிட்டால் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றாள். அப்படியே செய்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்து அவன் எழுந்திருக்கப் போகிற நேரத்தில், கேட்காமல் இருந்திருக்கலாம், அவள் ஒன்று கேட்டாள்.

"என் பக்கத்துல இருந்து பார்த்தா உன் சாமான் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. விண்டோஸுக்கு லினக்ஸ் இருக்கிறதே புரியாது."

"உன் பக்கத்துல இருந்து பார்த்தா?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனுக்குத் தெரியாது.

"அங்கிருந்து இது தெரியும். நினைச்சா திறக்கலாம். நான் திறக்கமாட்டேன்."

"அதாவது, நடுச்சுவர்ல ஜன்னல் இருக்கு. கதவு உன் பக்கம். தாழ்ப்பாளும் உன் பக்கம்."

"அண்ணி, நான் எதுக்கு..."

"நீ எதுக்குன்னு நான் கேட்கவே இல்லையே," என்று எழுந்து போய்விட்டாள்.

காலையில் அவள் டிசைன் வேலை. மத்தியானம் மெஷினோடு. சாயங்காலம் அவன் உட்கார்ந்து, தன் போனைக் கம்ப்யூட்டரில் செருகி, அதன் வழியாக இணையம் எடுத்துப் படிப்பான். அவன் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவளுக்கு முன்னறையில் நூல்கண்டு அடுக்க வேண்டிய வேலை வந்தது. அடுக்கிய கண்டுகளையே மறுபடி அடுக்கினாள். சிவப்பு, கருஞ்சிவப்பு, அரக்கு என்று வரிசை மாற்றி மாற்றி, கடைசியில் அவளுக்கே எந்த நிறம் எங்கே என்று தெரியாமல் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்ச்சாரிக் கடையில் அந்தப் பறவை வந்து உட்கார்ந்தது.

எதிர்ச்சாரியில் மாடிக் கட்டடம் ஒன்று. அதன் உச்சியில் இன்னொரு எம்பிராய்டரிக்காரர் கடை. கீழே வாசலில் அவருடைய கண்ணாடிப் பெட்டி. ஒரு பள்ளிக்கூடத்துக்காக அக்கா செய்திருந்த புதுச் சின்னம், அவள் இன்னும் பள்ளிக்கூடத்துக்கே காட்டாத சின்னம், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிறகை விரித்துக்கொண்டிருந்தது. கீழே எழுத்து வேறு, நிறம் வேறு. ஆனால் இறக்கை அதே இறக்கை. மூன்று சாய்வு.

அவள் தெருவில் நின்று பார்த்தாள். மேலே ஏறிப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வாங்கினவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

ஆனாலும் அவள் நியாயக்காரி. கையும் களவுமாகப் பிடிக்காமல் பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். நிரூபித்துவிட்டால் கம்ப்யூட்டரில் அவன் பாதியைத் துடைத்து எறிவது, அவனையும் வீட்டைவிட்டு அனுப்புவது. அவன் செய்முறை வேலையும் அந்தப் பாதியில்தான் இருந்தது. அது போனால் சான்றிதழ் போயிற்று, சான்றிதழ் போனால் வேலை போயிற்று. இதையும் அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்து, போகட்டும் என்றாள். அவசரம் அவளுக்கும் இருந்தது. ஒரு பஸ் கம்பெனி தன் ஓட்டுநர்கள் அத்தனை பேர் சட்டைக்கும் புதுச் சின்னம் கேட்டிருந்தது. அதுவும் கசிந்து எதிர்ச்சாரிக்குப் போனால் இரண்டு மெஷினும் தூசி தின்றுகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக டிசைன்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே, அதைக் கடைசியாகத் தொட்ட தேதியும் மணியும் இருக்கும். இதுநாள்வரை அவள் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

முதல் நாள் அவள் வேலை செய்த டிசைன்கள் எல்லாவற்றுக்கும் எதிரே, நேற்றைய தேதி போட்டு, ஊரே அடங்கிக் கிடக்கிற பின்னிரவு நேரம் இருந்தது.

தேதி நேற்றையதுதானே, நேற்று அவள் விழிப்பதற்கு முன்னால் வந்த பின்னிரவு அல்லவா அது என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. அவள் கணக்கில் ராத்திரி என்பது, படுத்த நாளைச் சேர்ந்தது. நேற்றுப் படுத்தோம், அப்படியானால் நேற்று ராத்திரி. தான் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ உட்கார்ந்து தன் டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

அன்றைக்கு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, தூக்கம் சரியாக வருகிறதா தம்பி என்று கேட்டாள். நன்றாக வருகிறது அண்ணி என்றான். பகலில் கண் எரிகிறதா என்றாள். இல்லை என்றான். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டாள். இவ்வளவு அன்பாகப் பரிமாறப்பட்ட சோற்றை அவன் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று இரவு முன்னறையைப் பூட்டி, சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் அதே பின்னிரவு மணி. சரி, மாற்றுச் சாவி இருக்கிறது. அடுத்த இரவு, பெட்டிக்குக் கரண்ட் போகிற வயரையே உருவியெடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். லிப்ட் மெக்கானிக் புரண்டு படுத்தபோது காதில் ஏதோ குத்த, இது என்ன என்று கேட்டார். பாம்பு, தூங்குங்க என்றாள். தூங்கினார்.

மறுநாளும் மணி பின்னிரவு.

வயரே இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடியிருக்கிறது. இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வீட்டில் இன்னொரு வயர் இருக்கிறது. வயரைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் தெரிந்த ஆள் ஒருவர்தான் வீட்டில் உண்டு, அவர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர். அண்ணனும் தம்பியும் கூட்டு என்று அவளுக்கு அந்த நிமிஷம் வெளிச்சமாயிற்று. அதன்பிறகு அவருக்கும் அன்பாகப் பரிமாற ஆரம்பித்தாள். அவர் சந்தோஷமாக இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்; அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

அடுத்து அவள் திரை, விசைப்பலகை, மௌஸ் எல்லாவற்றையும் கழற்றி ஒரு போர்வையில் மூட்டை கட்டி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதன்மேல் கையை வைத்தபடி தூங்கினாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பெட்டியை மட்டும்தான் தள்ளினாள். அதற்கும் பின்னிரவு மணிதான் கிடைத்தது. இந்த முறை அவளுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆனால் பேய்க்கு பஸ் கம்பெனி சின்னம் எதற்கு என்று யோசித்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பேயைவிட மனிதர்களைச் சந்தேகப்படுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

விடுமுறை நாள் காலையில் இரண்டு பேரையும் முன்னறைக்குக் கூப்பிட்டாள். மெஷின்களை நிறுத்திவிட்டு, அவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பறவை, கண்ணாடிப் பெட்டி, பின்னிரவு, சாவி, வயர், கட்டிலடி என்று ஆரம்பத்திலிருந்து அடுக்கிச் சொன்னாள். குரல் ஏறவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் கொழுந்தனைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடு என்றாள். உன் பாதியை நான் துடைக்கப் போகிறேன் என்றாள்.

அவன் முகம் செத்துவிட்டது. தான் அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை என்று சொல்லிப் பார்த்தான். திறக்காமலா மணி மாறும் என்றாள் அவள். எந்த மணி என்று அவனுக்குப் புரியவில்லை.

"நான் காட்டறேன், நீயே பாரு," என்று அவள் திரைக்குத் திரும்பினாள். ஒரு டிசைனை, பழைய நர்ஸ் சின்னம் ஒன்றை, திறந்தாள். ஒரே ஒரு குத்தைத் தள்ளி வைத்தாள். சேமித்தாள். கோப்புறையைத் திறந்து, இப்போது நான் தொட்டேனா, இதற்கு எதிரே காலை மணி இருக்கும் பார், மற்றதற்கெல்லாம் எதிரே உன் திருட்டு மணி இருக்கும் பார் என்று விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது.

நர்ஸ் சின்னத்துக்கு எதிரே இன்றைய தேதி போட்டுப் பின்னிரவு இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் விரல்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் மெதுவாக எட்டிப் பார்த்தான்.

"இப்போ ராத்திரியா அண்ணி?"

அவன் கையை நீட்டி மௌஸை வாங்கி, திரையின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோனான். அங்கே ஒளிந்திருந்த பட்டை மேலே எழும்பி வந்தது. டிசைனுக்கு இடம் பற்றவில்லை என்று அக்கா அந்தப் பட்டையை மறைத்து வைத்து எவ்வளவோ காலமாகிறது. கம்ப்யூட்டரை அணைப்பதென்றாலும் பெட்டியில் இருக்கிற பட்டனைத்தான் அமுக்குவாள். நேரம் பார்ப்பதென்றால் கைக்கடிகாரம். பட்டையின் மூலையில் கம்ப்யூட்டர் காட்டிய நேரத்தை மூன்று பேரும் பார்த்தார்கள். அதன் கணக்குப்படி அவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். தப்பு தன்னுடையதும்தான் என்று சொல்லிவிட்டு விளக்கினான். குடித்தனம் இரண்டானாலும் பெட்டிக்குள் கடிகாரம் ஒன்றுதான். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படியில்லை; உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம் ஒன்று, நம்முடையதைவிடச் சில மணி நேரம் பின்னால், இருக்கிறது, அதைக் கடிகாரத்தில் வைத்துவிட்டு, நமக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர்க் கணக்குக்குக் கூட்டிக் காட்டும். தினமும் சாயங்காலம் அவன் போனைச் செருகியதும் லினக்ஸ் இணையத்தில் நேரம் கேட்டு, பொது நேரத்தைக் கடிகாரத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. காலையில் விண்டோஸ் விழித்து, அதைத்தான் உள்ளூர் நேரம் என்று நம்பியிருக்கிறது. அவள் காலையில் செய்த வேலைக்கெல்லாம் பின்னிரவு முத்திரை.

"நிறைய பேருக்கு நடக்கிறதுதான் அண்ணி. விண்டோஸும் அப்பப்போ இணையத்துல கேட்டுத் தன்னைச் சரி பண்ணிக்கும். அதனாலதான் நான் கவனிக்கலை."

"இது ஏன் பண்ணிக்கலை?"

அவன் சுவரைக் காட்டினான். ஓட்டையில் பழந்துணி அடைத்திருந்தது.

லிப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. மனைவி திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறிற்று. அந்த இருமல் நிற்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மணி தப்பாகவே இருக்கட்டும். எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருக்கிற பறவை பொய்யா? அது கடிகாரத்திலிருந்தா பறந்து போயிற்று?

எழுந்து எதிரே போய் அதை முதலில் பார்த்துவரலாம் என்று மூவரும் தெருவைக் கடந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பறவையை லிப்ட் மெக்கானிக் அன்றைக்குத்தான் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காதைச் சொறிந்தார். அவர் காதைச் சொறிந்தால் எங்கேயோ ஒரு லிப்ட் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு டிசைனையும் நல்ல துணியில் ஏற்றுவதற்கு முன்னால் அக்கா கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பாள். நூல் இழுக்கிறதா, துணி சுருங்குகிறதா என்று தெரிந்துவிட்டால் அதைக் கூடையில் எறிந்துவிடுவாள். அந்தக் கூடையிலிருந்துதான் அவர் வேலைக்குப் போகும்போது கிரீஸ் துடைக்க ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவார். இந்த மாடிக் கட்டடத்து லிப்டும் அவர் கவனிப்பில்தான் இருந்தது. உச்சிமாடி எம்பிராய்டரிக்காரர், மெஷினில் எண்ணெய் வழிகிறது, துடைக்கத் துணி இருந்தால் கொடுங்களேன் என்று கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், மரியாதையாகக் கேட்டார், கொடுத்தேன் என்றார் இவர்.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"கை நிறைய."

"ஒரு தடவையா?"

அவர் மறுபடி காதைச் சொறிந்தார்.

டிசைனுக்குப் பூட்டுப் போட்டு, வயரைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவள், ஊசி ஏறிய துணியைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது டிசைன் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவளுக்கு அது குப்பை. தைத்த துணியைப் பார்த்து ஒவ்வொரு குத்தாகத் திரும்ப எடுக்கத் தெரிந்த ஆளுக்கு அது முழுப் புத்தகம். புருஷனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. சந்தேகப்பட்டதுதான் பட்டாள், சரியான ஆளைத் தப்பான குற்றத்துக்குச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கொழுந்தன் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை லினக்ஸில் திறந்து, கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று அதற்கு ஒரே வரியில் சொன்னான். பிறகு விண்டோஸைத் திறந்து மணியைச் சரி செய்து, அவளுக்குக் காட்டினான். பிறகு உள்ளே போனான். வரும்போது கையில் பை இருந்தது.

"எங்கே போறே?" என்றார் அண்ணன்.

"மணி சரியாயிடுச்சு அண்ணா. ஆனா இத்தனை நாளா ஒண்ணா சாப்பிட உட்கார்ந்து என்னைத் திருடன்னு நினைச்சிருக்காங்க. இதைச் சரி பண்ண செட்டிங்ஸ்ல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத பேட்ஜ் அக்கா, பாய்ந்து போய் வாசல் நிலையில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். என்னை மன்னிச்சிடு தம்பி, நீ போனா என் கையில ஊசி நிக்காது என்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுத அழுகையில் எதிர்ச்சாரி உச்சிமாடிக்காரர்கூட ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் கண்ணீர் முன்னறைத் தரையில்...

"இல்லை," என்று இந்த இடத்தில் என் கதைக்குக் குறுக்கே வந்தது கொழுந்தன்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷினின் ஊசித் தட்டைக் கழற்றித் துடைத்தபடி இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணி அழவே இல்லை. வாசலையும் மறிக்கலை. கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வெச்சாங்க. கம்ப்யூட்டர்ல பஸ் கம்பெனி டிசைனைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி, 'இந்தச் சக்கரம் வட்டமா இருக்கா பாரு'ன்னாங்க. அதுவரைக்கும் தைக்காத டிசைனை அவங்க யாருக்கும் காட்டினதே இல்லை. நான் பார்த்தேன். கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு, சொன்னேன். எங்கே கோணல்னு கேட்டாங்க. காட்டினேன். அதை ரெண்டு பேருமா நிமிர்த்தறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."